பழைய தார் ஜீப்புக்கு வேறு இ.சி.எம்.: எதுவரை ரிப்பேர், எங்கே சட்டமீறல்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறேன். 2013 மாடல் மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. வைத்திருக்கிறேன். பெரும்பாலும் எஸ்டேட் பாதையில்தான் ஓட்டம். போன மழையில் ஓடையைக் கடக்கும்போது இ.சி.எம்.முக்குள் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தண்ணீர் இறங்கி வண்டி நின்றுவிட்டது. கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காயலான் கடையிலிருந்து வாங்கிய இ.சி.எம். போட்டார்கள். கூடவே "இழுவை நல்லா வரும்" என்று ரீமேப் செய்து (அதன் சாஃப்ட்வேரை மாற்றி), இ.ஜி.ஆரையும் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) அடைத்துவிட்டார்கள். 38,000 ரூபாய் ஜிபேயில் கொடுத்தேன், பில் தரவில்லை. இப்போது மேடேறினால் கரும்புகை. புகைச் சோதனையிலும் ஃபெயில். கேட்டால், "நீங்க சொல்லித்தானே செஞ்சோம்" என்கிறார்கள். நான் செய்தது குற்றமா? இன்சூரன்ஸ் செல்லுமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் வண்டியில் நடந்தது மூன்று வேலை. மூன்றையும் சட்டம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

கெட்டுப்போன இ.சி.எம்.மை எடுத்துவிட்டு அதே மாடலுக்கு உரியதைப் போடுவது வெறும் ரிப்பேர். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதுதான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கழற்றிய பார்ட்டுக்கு அதே பார்ட் போட்டால் எதுவும் முரணாகாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை.

ரீமேப் அப்படியல்ல. உங்கள் வண்டிக்குக் கம்பெனி சொன்ன திறன் 105 பி.எச்.பி. அதைக் கூட்டினால் வண்டி பதிவு விவரத்தை விட்டு விலகுகிறது. 52-வது பிரிவின் விளக்கத்தில், வண்டியின் அமைப்பை மாற்றி அதன் அடிப்படைத் தன்மையே மாறினால்தான் அது "மாற்றம்" என்று இருக்கிறது. அதனால் "சாஃப்ட்வேர்தானே மாறியது, அமைப்பு அப்படியேதானே இருக்கிறது" என்று வாதாட இடம் உண்டு. உங்கள் மேல் வழக்கு வந்தால் நானே அப்படித்தான் வாதாடுவேன். ஆனால் 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு இந்த வாதத்தை மட்டும் நம்பி வண்டியை ஓட்டுங்கள் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை. 182ஏ(4) பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் பிரிவு கைவைப்பது உரிமையாளர் மேல். வேலை செய்தது மெக்கானிக் என்றாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

புகைதான் உடனடிப் பிரச்சினை. உங்கள் டீசல் வண்டி பி.எஸ்.-4 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு முந்தையது என்றால், புகை அடர்த்தி 65 எச்.எஸ்.யூ. (புகையின் கருமையை அளக்கும் அலகு) வரை அனுமதி. பழைய வண்டிக்குக் கொஞ்சம் தாராளமான அளவுதான் அது. அதையும் தாண்டுகிறது என்றால், ரீமேப்பில் டீசலை அளவுக்கு மீறித் திறந்துவிட்டிருக்கலாம். அல்லது உங்களுடையது போன்ற பல காமன் ரெயில் டீசல் வண்டிகளில் செய்ய வேண்டியதுபோல, இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் பாகம்) ஒவ்வொன்றுக்கும் உரிய கோடு எண்ணைப் புது இ.சி.எம்.மில் பதியாமல் விட்டிருக்கலாம். இ.ஜி.ஆரை அடைத்ததால் கூடுவது நைட்ரஜன் ஆக்சைடு. அது புகை மீட்டரில் தெரியாது, ஆனால் மலைக்காற்றில் கலக்கத்தான் செய்யும். இந்த நிலையில் பொதுச்சாலையில் ஓட்டினால் 190(2) பிரிவு வரும்: 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், 3 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் உண்டு. எஸ்டேட்டுக்குள் மட்டும் ஓட்டுகிறேன் என்று சொல்லலாம். ஆனால் கோத்தகிரி பஜாருக்கு ஒருமுறை வந்தாலே அது பொதுச்சாலைதானே.

இன்சூரன்ஸ் விஷயத்தில், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி உங்கள் வண்டிச் சேத கிளெய்மைக் கம்பெனி மறுக்க வாய்ப்பு அதிகம். விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கொடுக்க வேண்டியதைத் தட்டிக்கழிப்பது அவர்களுக்கு அவ்வளவு சுலபமல்ல. ஆனால் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உங்களிடம் வசூலிக்க வரலாம்.

இனி பணம். பில் இல்லை என்று பயப்பட வேண்டாம். ஜிபே பதிவு போதும். எல்லாமே உங்களுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடந்த வாட்ஸ்அப் பேச்சில் யார் என்ன சொன்னார்கள் என்பதில்தான் இருக்கிறது. இ.ஜி.ஆரை அடைக்கச் சொல்லி நீங்களே கேட்டிருந்தால், சட்டம் தடுக்கும் வேலைக்குக் கொடுத்த கூலியைத் திருப்பிக் கேட்பது கஷ்டம். ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு குறுக்கே நிற்கும். "வண்டியைச் சரிசெய்து கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு, மற்றதை அவர்களாகவே செய்திருந்தால் அது தெளிவான சேவைக் குறைபாடு. அந்த வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்ட பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின் சான்றிதழ் வேண்டும், அதனால் மெசேஜ் வந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

ஒர்க்‌ஷாப்காரர்களிடம் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, கழற்றிய பழைய இ.சி.எம். அது உங்கள் பொருள். தண்ணீர் இறங்கிய போர்டைப் பல நேரம் பழுது பார்த்துவிடலாம். இன்னொன்று, போட்ட இ.சி.எம். எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ரசீது. திருட்டு வண்டியின் பார்ட் என்று பிறகு தெரியவந்தால், தெரியாமல்தான் வாங்கினேன் என்று காட்ட அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை.

முதலில் வேறொரு நல்ல இடத்தில் ஸ்கேனர் ரிப்போர்ட் (இ.சி.எம்.மில் இப்போது என்ன இருக்கிறது என்று காட்டும் அறிக்கை) எடுங்கள், அப்புறம் கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றி, இ.ஜி.ஆரைத் திறந்து, புகைச் சான்று வாங்குங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் சரிசெய்துவிட்டால் அவர்கள் செய்த வேலைக்குச் சாட்சியே இருக்காது. 2028இல் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போதும் இதே சோதனையைத் தாண்டியாக வேண்டும். பிறகு 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் வராவிட்டால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட விடுகிறது. இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. வண்டியை உங்களிடம் திருப்பிக் கொடுத்த தேதியிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிடுங்கள்.