போனிலேயே அபாய எச்சரிக்கை வருகிறதே, வெளியில் சைரன் எதற்கு?

அபாயச் சைரன் என்பது உயரமான கம்பத்திலோ கட்டடத்தின் மேலோ பொருத்திய பெரிய ஒலிக்கருவி. வெளியில் இருப்பவர்களை உஷார்ப்படுத்தி உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போக வைப்பதுதான் அதன் வேலை. ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டுத் தூங்குகிறவர் காதுக்கு அது எட்டாமலே போகலாம். சுவரும் கண்ணாடியும் சத்தத்தை விழுங்கிவிடும். என்ன ஆபத்து என்பதும் வெறும் ஊளைச் சத்தத்தில் புரியாது.

அந்தக் குறையைப் போன் தீர்க்கிறது. பல நாடுகளில் இதற்குப் பயன்படுவது செல் பிராட்காஸ்ட் என்ற முறை. எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். லட்சம் பேருக்கு அனுப்பினால் நெட்வொர்க் திணறும். செல் பிராட்காஸ்டில் டவர் பொதுவாக ஒலிபரப்பிவிடும், அதன் எல்லைக்குள் இருக்கும் போன்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அலறும். வகுப்பில் நாற்பது பேருக்கும் தனித்தனிச் சீட்டு எழுதிக் கொடுப்பதற்கும், ஆசிரியர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

சரி, அப்புறம் சைரன் எதற்கு? வயலில் குனிந்து வேலை செய்பவர் கையிலும், தண்ணீரில் நீந்தும் குழந்தையிடமும் போன் இருக்காது. சார்ஜ் தீர்ந்த போன் வாயே திறக்காது. புயலில் டவர் சாய்ந்தாலும் அதே கதிதான். பேட்டரி வைத்த சைரனோ கரண்ட் போன பிறகும் ஊதும். என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டும்.

போனில் எச்சரிக்கை வந்தால் தங்களைக் கண்காணிக்கிறார்கள் என்று பயந்து சிலர் அந்த வசதியையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள், செல் பிராட்காஸ்ட் ஒருவழிப் பாதை, அதை அனுப்ப உங்கள் எண்ணே தேவையில்லை.