யார் தடுத்தார், எந்தச் சட்டத்தில், எந்தத் தேதியில்?

பேச்சுச் சுதந்திரம், மதச் சுதந்திரம் பற்றி இலங்கை மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. கேட்டவர்களின் ஊர்களை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்களை எடுத்துவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் தந்திருக்கிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து திருவிழாக் குழு உறுப்பினர் ஒருவர்: சேர், மாரியம்மன் திருவிழாவில் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிப் பொலிஸார் வந்தார்கள். பக்கத்து விகாரையில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பிரித் (பௌத்த ஓதல்) ஒலிக்கிறது. அதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. இது எங்கள் மத உரிமையை மீறுவதில்லையா?

பத்து மணி என்பது அந்தப் பொலிஸ்காரரின் சொந்தக் கணக்கு இல்லை. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த வழக்கில் 2007 இல் உயர் நீதிமன்றம் (நாட்டின் உச்ச நீதிமன்றம்) கொடுத்த பணிப்பு அது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது. விசேட சமய நிகழ்ச்சிகளுக்கு, அயலில் குடியிருப்போரின் கருத்தை அறிந்து, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வழங்கலாம். வழக்கு பள்ளிவாசலைப் பற்றியது என்றாலும் கட்டளை கோயில், விகாரை, தேவாலயம் எல்லாவற்றுக்கும் பொது.

ஆகவே அந்த விசேட அனுமதியைத் திருவிழாவுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) குடியிருப்பவர்களிடம் கையெழுத்து வாங்கி இணையுங்கள். மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

விகாரை விஷயம் வேறு. "அவர்கள் மீறுகிறார்கள், நாங்களும் மீறுவோம்" என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது. சட்டவிரோதத்தில் சமத்துவம் கேட்க முடியாது. ஆனால் அவர்களுக்கு அனுமதி கொடுத்து, அதே நிலைமையில் உங்களுக்கு மறுத்திருந்தால் அது அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையின் கீழ்ப் பாகுபாடு. அனுமதி கொடுக்கப்பட்டதா என்று அறிய 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பொலிஸாரிடமே கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தங்கள் முடிவைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவர்கள். இந்தச் சட்டத்தை நம்மவர்கள் ஏனோ பத்திரிகைக்காரர்களின் சொத்து என்று நினைக்கிறார்கள்.

கொட்டகலையிலிருந்து பல்கலைக்கழக மாணவி: 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் தருகிறது. அப்படியானால் மற்ற மதத்தவர்கள் சட்டத்தின் முன் இரண்டாம் தரமா?

அந்த உறுப்புரையை முழுவதும் வாசியுங்கள், தங்கச்சி. மேடைகளில் அதன் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் கொடுத்து, பௌத்த சாசனத்தைப் பாதுகாத்துப் பேணுவது அரசின் கடமை என்று சொல்லும் அதே வாக்கியம், 10 ஆம் உறுப்புரையும் 14(1)(உ) உம் தரும் உரிமைகளை எல்லா மதங்களுக்கும் காப்புறுதி செய்துகொண்டே அதைச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்த இரண்டு உறுப்புரைகளும் ஒரே வலிமை கொண்டவை அல்ல. 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதம் பற்றியது. விரும்பிய மதத்தை ஏற்கும் சுதந்திரமும் அதில் அடங்கும். உரிமைகளுக்குக் கட்டுப்பாடு விதிக்க இடம் தரும் 15 ஆம் உறுப்புரையில் 10 இன் பெயரே இல்லை. அதை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, மக்கள் தீர்ப்பும் வேண்டும். உள்ளத்தில் இருக்கும் நம்பிக்கையை எந்தச் சட்டத்தாலும் தொட முடியாது. 14(1)(உ) நம்பிக்கையை வெளியே காட்டுவது பற்றியது: வழிபாடு, அனுட்டானம், சாதனை (அதாவது நடைமுறையில் கடைப்பிடிப்பது), போதனை. தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, மற்றவர்களின் உரிமை போன்ற காரணங்களுக்காக இதைச் சட்டத்தின் மூலம் கட்டுப்படுத்தலாம்.

சிக்கல் நீதிமன்றத்தின் வாசிப்பில் வருகிறது. மென்சிங்கன் கத்தோலிக்கக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தை 2003 இல் பரிசீலித்த உயர் நீதிமன்றம், மதத்தைப் பரப்புவது 14(1)(உ) இன் பாதுகாப்புக்குள் வராது என்றும், உதவிகளோடு சேர்த்துப் பரப்புவது 9 ஆம் உறுப்புரைக்கு ஊறு செய்யும் என்றும் தீர்மானித்தது. அந்தச் சகோதரிகள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவுக்குப் போனார்கள். 2005 இல் அந்தக் குழு இலங்கை மதச் சுதந்திரத்தை மீறியதாகக் கண்டது. ஆனால் அடுத்த ஆண்டே சிங்கராசா வழக்கில், அந்தக் குழுவிடம் முறையிட வழி செய்த நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு ஏற்புடையதல்ல என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெற்றி கையில் இருந்தும் அதை உள்நாட்டில் காசாக்க முடியவில்லை.

மேலே சொன்ன ஒலிபெருக்கித் தீர்ப்பில் இதே நீதிமன்றம் இலங்கை ஒரு மதச்சார்பற்ற அரசு என்றும் எழுதியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் சட்ட மாணவர்களுக்கே தலை சுற்றும். என் கருத்தில் 2003 தீர்மானம் 9 ஆம் உறுப்புரையின் இரண்டாம் பாதிக்கு உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை.

தலவாக்கலையிலிருந்து ஒரு போதகர்: வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துகிறோம். சிலர் வந்து சத்தம் போட்டார்கள். பொலிஸார் அவர்களை விட்டுவிட்டு, "பதிவு இருக்கிறதா?" என்று எங்களைக் கேட்கிறார்கள்.

எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பதிவு கேட்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் 2008 இல் மத விவகார அமைச்சு அனுப்பிய ஒரு சுற்றறிக்கையைத்தான் காட்டுவார்கள். அது புதிய வழிபாட்டுத் தலங்களைக் கட்டுவது பற்றியது. வீட்டின் முன்னறையில் பத்துப் பேர் கூடி ஜெபிப்பதைக் கட்டடம் கட்டுவதாகக் கொள்ள முடியாது. அதைவிட முக்கியமானது, சுற்றறிக்கை சட்டம் ஆகாது. உரிமையைக் கட்டுப்படுத்துவதென்றால் அது சட்டத்தினால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 15 ஆம் உறுப்புரை சொல்கிறது. சட்டம் என்பதற்கு அரசியலமைப்பே 170 ஆம் உறுப்புரையில் பொருள் தந்திருக்கிறது. அமைச்சின் செயலாளர் கையெழுத்திட்ட கடிதம் அதில் இல்லை.

சத்தம் போட்டவர்கள் மீது முறைப்பாடு செய்யுங்கள். சட்டப்படி நடக்கும் மத வழிபாட்டைக் குழப்புவது தண்டனைச் சட்டக்கோவையின் 291 ஆம் பிரிவின்படி குற்றம். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் அந்தத் தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பொலிஸார் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதும் அரசின் செயல்தான்.

பொகவந்தலாவையிலிருந்து தொழிற்சங்க இளைஞர் ஒருவர்: பிரட்டுக் களத்தில் (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) கூட்டம் வைக்கத் துரை (தோட்ட முகாமையாளர்) விடவில்லை. பேச்சுச் சுதந்திரத்தை மீறியதாக உயர் நீதிமன்றம் போகலாமா?

தம்பி, இங்கேதான் நம்மவர்கள் அதிகம் இடறுகிறார்கள். 126 ஆம் உறுப்புரையின் கீழ் வழக்குப் போடுவதென்றால், உரிமையை மீறியது நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலாக இருக்க வேண்டும். எளிதாகச் சொன்னால், அரசாங்கத்தின் கை. தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது என்றாலும், 1992 க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளிடம் போய்விட்டது. துரை கம்பனியின் ஆள். அவர் தடுத்ததை அப்படியே அடிப்படை உரிமை மீறல் வழக்காக்கினால் முதல் நாளே ஆட்சேபனை வரும்.

தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை 14(1)(ஈ) இல் இருக்கிறது. ஆனால் துரைக்கு எதிராக அதை நடைமுறைப்படுத்தும் வழி தொழில் திணைக்களம். துரை பொலிஸை அழைத்து, பொலிஸார் உங்களைக் கலைத்தார்கள் என்றால் கதை மாறும். அப்போது எதிராளி பொலிஸ்.

தனியாரையும் எட்டும் பகுதி ஒன்று இருக்கிறது: 12(3). கடை, உணவகம், ஹோட்டல், தன் மதத்தின் பொது வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குள் போவதை இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக யாரும் தடுக்கக் கூடாது. சில கோயில்களின் வாசலில் சாதி இன்னும் காவல் நிற்கிறது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த வாசலில் இந்தப் பிரிவை நம்மவர்கள் எடுத்துக்காட்டியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

பண்டாரவளையிலிருந்து: ஃபேஸ்புக்கில் மதத்தைப் பற்றி எழுதினால் பிணை இல்லாமல் உள்ளே போடுவார்கள் என்கிறார்களே?

போட்டிருக்கிறார்கள். சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய 2007 இன் 56 ஆம் இலக்கச் சட்டம், பெயரில் உரிமைகளைக் காக்க வந்தது. அதன் 3 ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. பத்து ஆண்டுகள் வரை சிறை. நீதவானால் பிணை கொடுக்க முடியாது; மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில்தான் கொடுக்கலாம்.

2019 இல் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். 2021 இல் விடுவிக்கப்பட்டார். அதே 2019 இல் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்ட ஆடை அணிந்ததற்காகக் கைதானார். அதைத் தர்மச் சக்கரம் என்று பொலிஸார் எடுத்துக்கொண்டார்கள். 2020 இல் கண்டிப் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர், வெறுப்புக்கு எதிராகவே எழுதிய ஒரு பதிவுக்காக மாதக்கணக்கில் அடைபட்டார். பின்னைய இரு வழக்குகளிலும் உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வென்றார்கள், ஆனால் அடைபட்டிருந்த நாட்களை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது. உண்மையான வெறுப்புப் பேச்சு மேடை போட்டு நடக்கும்போது மட்டும் இந்தப் பிரிவு தூங்கிவிடுகிறது என்பது என் நெடுநாள் மனக்குறை.

எழுதுங்கள், பயப்படாதீர்கள். ஒரு கருத்தையோ ஆட்சியையோ கடுமையாக விமர்சிக்கலாம். ஒரு மக்கள் கூட்டத்தைத் தாக்கச் சொல்வது, ஒதுக்கச் சொல்வது, அவர்கள் கடையில் வாங்காதே என்பது, இவை கோட்டுக்கு அந்தப் பக்கம். 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இப்போது சேர்ந்திருக்கிறது. உண்மையா என்று தெரியாததைப் பகிராதிருப்பது நல்லது.

நாவலப்பிட்டியிலிருந்து: எங்கள் தெய்வத்தை ஒருவர் மேடையில் கேலி செய்தார். அவரை உள்ளே தள்ள முடியுமா?

மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட எண்ணம் இருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 291அ இருக்கிறது. வெறும் கேலிக்கு அதை இழுக்காதீர்கள். நாளை காமன் கூத்தில் நம் பையன் ஒருவன் சொல்லும் பகிடிக்கும் அதே பிரிவைக் காட்டுவார்கள்.

டிக்கோயாவிலிருந்து: இந்தியாவில் நீதிமன்றம் சட்டத்தையே ரத்துச் செய்கிறது. இங்கே ஏன் முடியாது?

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்த்து வரும் கேள்வி. இங்கே பாராளுமன்றம் நிறைவேற்றும் முன், சட்டமூலமாக இருக்கும்போதுதான் எதிர்க்கலாம். சபாநாயகர் சான்றுப்படுத்திய பிறகு அரசியலமைப்பின் 80(3) கதவை மூடிவிடுகிறது. இன்றைய அரசியலமைப்பு வந்த 1978 க்கு முந்திய சட்டங்களோ, உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் 16 ஆம் உறுப்புரையால் செல்லும்.

இராகலையிலிருந்து ஒரு ஆசிரியை: என் பாட்டிக்கு வெகு காலம் பிரஜாவுரிமை இல்லை. அந்த நாட்களில் அவருக்குப் பேச்சுச் சுதந்திரமே இல்லையா?

டீச்சர், நல்ல கேள்வி. 10 ஆம் உறுப்புரை "ஆள் ஒவ்வொருவருக்கும்" என்கிறது. 14 ஆம் உறுப்புரை "பிரசை ஒவ்வொருவருக்கும்" என்கிறது. ஆகவே உங்கள் பாட்டி மாரியம்மனை நம்ப உரிமை உள்ளவர். சம்பளம் போதாது என்று கூட்டத்தில் பேசும் உரிமை, சங்கத்தில் சேரும் உரிமை, கோயிலில் கூடி வழிபடும் உரிமை எல்லாம் பிரசைகளுக்கு மட்டும்.

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மை வெளியே தள்ளியது. அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் காப்பு என்று சொல்லப்பட்டது. அதை நம்பித்தான் கோடகன்பிள்ளை வழக்கு கோமறைக் கழகம் (லண்டனின் பிரிவி கவுன்சில்) வரை போனது. 1953 இல் தோற்றோம். 1978 இல் அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு நாடற்றவர்கள் இருப்பது தெரிந்திருந்தது. 14(2) ஐப் பாருங்கள்: வேறெந்த நாட்டின் பிரசையும் அல்லாமல் இங்கே சட்டப்படி நிரந்தரமாக வசிப்பவருக்கு 14(1) இன் உரிமைகள் பத்து ஆண்டுகளுக்கு உண்டு. பேச்சுக்கும் வழிபாட்டுக்கும் காலாவதித் தேதி! 1988 இல் அது முடிந்தது. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் அதே ஆண்டில் வந்தது, விடுபட்டவர்களுக்காக 2003 இல் இன்னொன்று. பாட்டியின் பத்திரங்கள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைச் சிக்கல்களுக்கு இன்றும் அவை தேவைப்படுகின்றன.

நோர்வூட்டிலிருந்து: சம்பளத்துக்காக ஊர்வலம் போக பொலிஸ் அனுமதி வேண்டுமா?

வேண்டியது அனுமதி அல்ல, அறிவித்தல். பொலிஸ் கட்டளைச் சட்டம் 77 ஆம் பிரிவின்படி, தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு மணி நேரத்துக்கு முன் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிரதியில் முத்திரை வாங்குங்கள். தடுக்க வேண்டுமானால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலாவது உள்ள ஓர் அதிகாரி, பொது ஒழுங்கைக் காரணம் காட்டித் தடுக்கலாம். தகரம் தட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1992 இல் மேளமும் மணியும் அடித்து நடத்திய ஜன கோஷ எதிர்ப்பைப் பொலிஸார் தடுத்த வழக்கில், அந்தச் சத்தமும் கருத்து வெளிப்பாடுதான் என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 1993 இல் தீர்ப்பு எழுதினார். தாராளமாகத் தட்டுங்கள். இரவு பத்து மணிக்கு முன்.

வட்டவளையிலிருந்து: எங்கள் ஊர்வலத்தைப் பொலிஸார் கலைத்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. இப்போது வழக்குப் போடலாமா?

உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதம்தான் தவணை. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996 இன் 21 ஆம் இலக்கச் சட்டம், 13 ஆம் பிரிவு. நீங்கள் முறையிட்டீர்களா என்று எழுதவில்லை. முறையிட்டிருந்தால் அந்தப் பற்றுச்சீட்டோடும், ஊர்வல அறிவித்தலின் முத்திரையிட்ட பிரதியோடும், அன்று எடுத்த படங்களோடும் இந்த வாரமே சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். முறையிடவில்லை என்றால், தாமதத்துக்கு வலுவான காரணம் ஏதேனும் இருக்கிறதா என்று முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். வைத்தியசாலையிலோ விளக்கமறியலிலோ இருந்தீர்கள் என்றால் அதற்கான ஆவணங்களையும் எடுத்துப் போங்கள்.