சிங்கப்பூரில் இனப்பாகுபாடு பற்றி வெளிப்படையாகப் பேச முடிகிறதா?

முன்பைவிட அதிகமாகவே பேசுகிறார்கள். ஆனால் எதைப் பற்றிப் பேச்சு சூடு பிடிக்கிறது என்பதில்தான் இங்கே வாழும் தமிழன் என்ற முறையில் எனக்கு மனக்குறை உண்டு.

2019-ல் மின்னிலக்கக் கட்டணச் சேவைக்கான (இ-பே) விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவர் நிறத்தைக் கருமையாக்கிக்கொண்டு, 'கே. முத்துசாமி' என்ற பெயர் அட்டையுடன் இந்தியராகத் தோன்றினார். அதைச் சாடிக் காணொளி வெளியிட்ட இந்திய உடன்பிறப்புகள் இருவருக்குக் காவல்துறை நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை விடுத்தது. ஊரே இரண்டுபட்டு விவாதித்தது. விவாதித்ததில் தவறில்லை.

உறவினர் கூடும் இடங்களில் நான் அடிக்கடி கேட்பதோ வீடு விற்கும் கதை. 1989-ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய ஒரு புளோக்கில், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் 87 விழுக்காட்டுக்கும், மலாய்க்காரர் 25 விழுக்காட்டுக்கும், இந்தியரும் மற்றவர்களும் 15 விழுக்காட்டுக்கும் மேல் இருக்க முடியாது. சீனர் வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் ஓர் இந்தியக் குடும்பம் விற்க முன்வந்தால், வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போன சீனருக்குக்கூட விற்க முடியாது. எதிர்வீட்டுச் சீனரோ இன்னொரு சீனருக்குத் தாராளமாக விற்கலாம், ஏனென்றால் அதனால் விகிதாசாரம் மாறுவதில்லை. மக்கள்தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சீனர் என்பதால், வாங்குவோர் வட்டம் சட்டென்று சுருங்கிவிடுகிறது. காத்திருக்க முடியாதவர் விலையைக் குறைக்கிறார்.

1964 கலவரங்களைக் கண்ட ஊரில் இனவாரியான குடியிருப்புகள் உருவாகக் கூடாது என்ற நோக்கத்தை நான் மதிக்கிறேன்; என் மகளின் தோழிகள் மூன்று மொழி பேசும் வீடுகளிலிருந்து வருவதற்கு இந்தக் கொள்கையும் ஒரு காரணம். ஆனால் எல்லாருக்குமான நல்லிணக்கத்தின் செலவைப் பெரும்பாலும் சிறுபான்மையினரே விற்பனை விலையில் கட்டுவது ஏன் என்ற கேள்வி, விளம்பரத்துக்கு எழுந்த கோபத்தில் பாதியைக்கூட எழுப்பவில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள் இல்லை, பகிர்வதற்குக் காணொளியும் இல்லை. (வாடகை விளம்பரங்களில் 'இந்தியர் வேண்டாம்' என்று எழுதுபவராவது கையும் களவுமாகச் சிக்குவார்.) 2021-ல் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் இதைக் கிளப்பினார்கள். மறு ஆண்டு, விற்கவே முடியாமல் தவிக்கும் சிலரிடமிருந்து கழகமே வீட்டை வாங்கிக்கொள்ள வழி செய்யப்பட்டது. அது நல்ல ஏற்பாடுதான் என்றாலும், விலை குறைத்து விற்றுவிட்டு வெளியேறியவருக்கு அது உதவாது.

எந்த புளோக்கில் எந்த இனத்தின் வரம்பு நிறைந்திருக்கிறது என்பதைக் கழகத்தின் இணையத்தளத்தில் முகவரி கொடுத்து எவரும் பார்க்கலாம். நீங்கள் சிங்கப்பூரில் இருந்தால், உங்கள் புளோக் எண்ணை இட்டுப் பாருங்கள்.