நகைப் பெட்டியோடு விமானம் ஏறாதே, கண்ணு

நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்தில் நான் இருக்கும் பர்மிங்காம் வரப்போகும் காங்கேயத்துப் பெண் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: கல்யாணத்துக்குப் போட்ட தங்கத்தை அப்படியே எடுத்து வரலாமா, பாதியை விற்று வெள்ளியாக வாங்கி வரட்டுமா என்று. கூடவே குளிர்கோட்டு, அரிசி, வாடகை வீடு எல்லாம் கேட்டிருக்கிறாள். அரிசி தாராளமாகக் கிடைக்கும், கோட்டை இங்கே வந்து வாங்கிக்கொள். வீடு வேலைசெய்யும் இடத்தில் விசாரித்தாலே அமையும். நகைக்கு வருகிறேன்.

தங்கத்தை விற்காதே, அம்மணி. கொடுத்த செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எதுவும் திரும்பாது. வெள்ளி வாங்கினால் அதற்கு மறுபடியும் கூலி. ஆனால் இங்கே கொண்டும் வராதே. ஊரில் உன் பேரும் அம்மா பேரும் சேர்ந்த லாக்கரில் வை. இங்கே பல வங்கிகள் லாக்கரையே நிறுத்திவிட்டன. நம்மவர்கள் வீட்டில் 22 கேரட் இருக்கும் என்று திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். தீபாவளி நெருங்கினால் போலீஸே எச்சரிக்கிறது. காப்பீட்டை நம்பாதே, ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருப்பார்கள். அவசரத்துக்கு விற்கப் போனால் நம் 916 முத்திரை இங்கே செல்லாது, உருக்குகிற விலைக்குத்தான் எடுப்பார்கள்.

நான் வந்தது ஜனவரியில். அறை அறையாக வாடகைக்கு விட்ட வீடு, என் கதவுக்குப் பூட்டே கிடையாது. கோபியில் போட்டு அனுப்பிய காசுமாலையைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, மேலே இரண்டு ஸ்வெட்டர் மாட்டி வேலைக்குப் போவேன். பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் கை தானாக இடுப்புக்குப் போகும். ஊருக்கு முதல்முறை போனபோது லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். முதலில் ஊரிலிருந்து கிளம்பும்போதே, இந்த நகை இந்தியாவிலிருந்து கொண்டுபோனதுதான் என்று விமான நிலையச் சுங்கத்தில் சான்றிதழ் வாங்க வைத்தவர் அப்பா. நீயும் வாங்கு. அது இல்லாவிட்டால், ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம்தான் வரியில்லாமல் விடுவார்கள்.

உன் வேலைக்கும் தங்கம் உதவாது. வார்டில் முழங்கைக்குக் கீழே வளையல், வாட்ச் கூடாது. கல் இல்லாத ஒரு மோதிரம் மட்டும் போடலாம். தாலியும் ஒரு ஜோடி தோடும் போதும்.

மற்றதெல்லாம் வெள்ளி. இங்கே நம்மவர்களில் சிலர் குழந்தையின் பிறந்தநாள் விருந்தில்கூடப் பவுன் கணக்குப் போடுவார்கள். "ஈரோட்டுப் பக்கத்துக்காரிக்கு வெள்ளிதானா?" என்று என்னையே கேட்டிருக்கிறார்கள். கழுத்தில் கடையையே மாட்டிக்கொண்டு வந்து, இரவு எப்படித் தனியாக நடந்துபோவது என்று பயப்படுவதும் அவர்கள்தான். நான் வெள்ளி போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸில் தைரியமாக வீடு வந்து சேர்கிறேன்.

கொலுசு சேலம் செவ்வாய்பேட்டையில் வாங்கு. எத்தனை டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று கேட்டு பில்லில் எழுதச் சொல், திரும்ப எடுப்பது அந்தக் கணக்கில்தான். மணி இல்லாததாகப் பார். இங்கே வாங்கினால் 925 (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி), அதோடு பர்மிங்காமின் நங்கூர முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். 1773 முதல் இந்த ஊரில் தரம் பார்த்து முத்திரை போடுகிறார்கள். காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளி கருக்கும், பயப்படாதே. எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவள், திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, திருநீற்றை ஈரத்துணியில் தொட்டுக் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பாள், அரைமணியில் பளபளக்கும். நானும் இங்கே அப்படித்தான் செய்கிறேன்.

கிளம்புவதற்குள் சேலம் போக முடியாவிட்டால் கால் அளவை எழுதி அனுப்பு. டிசம்பரில் நான் ஊருக்குப் போகிறேன், வாங்கி வருகிறேன்.