செல்லப்பிராணிகள் கேள்வி - பதில்: லயத்து வீட்டுக்கு எந்த நாய்?

கேள்வி: டொக்டர், நாங்கள் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். நான் கொழுந்து எடுக்கிறேன். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார், மாதம் ஒருதரம்தான் வருவார். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. ஊன்றுகோல் பிடித்து நடக்கும் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். காப்பகத்திலிருந்து ஒரு நாய் எடுத்து வளர்க்க ஆசை. மகன் அல்சேஷன் மாதிரி குட்டிதான் வேண்டும் என்கிறான். மாமியார் நாயே வேண்டாம் என்கிறார். பிள்ளைகளோடு ஒத்துப்போகும் நாயை எப்படிப் பார்த்து எடுப்பது?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: குட்டி வேண்டாம். 2 வயது தாண்டிய, கருத்தடை செய்த, நடுத்தர உயரமுள்ள நாட்டு நாய் ஒன்றைத் தேடுங்கள். ஆணோ பெண்ணோ பரவாயில்லை.

பகலில் உங்கள் வீட்டில் குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நீங்கள் மலைக்குப் போய்விடுவீர்கள், மகன் பாடசாலைக்கு. ஊன்றுகோலோடு நடக்கும் மாமியாரால் குட்டியின் பின்னால் ஓட முடியாது. குட்டிக்கு ஒரு நாளில் மூன்று நான்கு தடவை சாப்பாடு வைக்க வேண்டும். 6-8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை, 3-4 வாரத்துக்கு ஒருதரம் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அதற்குள் பார்வோ என்ற வைரஸ் நோய் பிடித்தால் சில நாட்களிலேயே குட்டி கையை விட்டுப் போய்விடும். பால் பல் விழுந்து முளைக்கும் காலத்தில் கண்டதையெல்லாம் கடிக்கும். செருப்பு, பாவாடை நுனி, மகளின் விரல், மாமியாரின் ஊன்றுகோல், எதையும் விடாது. வளர்ந்த நாயிடம் இந்தத் தொல்லை குறைவு. அதன் குணமும் உங்கள் கண்ணுக்கு முன்னால் தெரியும். குட்டியின் குணத்தை ஊகிக்கத்தான் முடியும்.

அல்சேஷனுக்கு ஓடியாட இடம் வேண்டும், தினமும் வேலையும் பயிற்சியும் வேண்டும். இரண்டும் இல்லாமல் லயத்து வாசலில் கட்டிப் போட்டால் அது குரைத்துக் குரைத்தே கெட்டுப்போகும். மகனிடம் இதைச் சொல்லுங்கள். நாய்க்குப் பெயர் வைக்கும் உரிமையை அவனுக்கே கொடுத்துவிடுங்கள்.

குடும்பத்துக்கு ஏற்ற நாய் என்று கேட்கிறீர்கள். லயத்தில் குடும்பம் உங்கள் காம்பிராவோடு முடிவதில்லையே. பக்கத்துக் காம்பிராவுக்கும் உங்களுக்கும் ஒரே சுவர், எல்லோருக்கும் ஒரே வாசல். விடியும்போதே இடுப்பில் படங்குத் துணி கட்டி, கூடை மாட்டிக்கொண்டு ஆட்கள் வரிசையாகப் போவார்கள். அந்தக் கோலத்தில் மனிதரைப் பார்த்தே இராத நாய் மிரண்டு பாயும். கோழி, ஆடு, மாடு, அடுத்த வீட்டுப் பிள்ளை, எல்லாவற்றோடும் அது இருந்தாக வேண்டும். ஆகவே காப்பகத்தில் அதைப் பராமரிக்கும் ஆளிடம் முதலில் இதைக் கேளுங்கள்: புது ஆள் வந்தால் என்ன செய்கிறது? கோழியைக் கண்டால் துரத்துகிறதா? சாப்பிடும்போது மற்ற நாய் கிட்டப் போனால் உறுமுகிறதா? தினமும் சோறு வைக்கும் ஆளுக்கு இதெல்லாம் தெரியும். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்து நீங்களே சோதித்துப் பார்க்காதீர்கள், அது ஆபத்து.

கூண்டுக்குள் நிற்கும் நாயைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே நல்ல நாயும் குரைக்கும். வாரில் கட்டி வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் திரும்பிக் குந்திக்கொண்டு, கையை நீட்டாமல் சும்மா இருங்கள். உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்த்து வாலை ஆட்டிக்கொண்டு தானாக வந்து மோந்து பார்த்தால் நல்ல அறிகுறி. உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தால், தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விட்டு உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால், அது பயந்திருக்கிறது. அப்படிப்பட்ட நாய்க்குப் பொறுமையான, பிள்ளைகள் இல்லாத வீடு கிடைக்கட்டும். அன்பு மிகுதியால் எல்லோர் மீதும் தாவி ஏறும் நாயும் உங்களுக்கு வேண்டாம், மாமியார் விழுந்துவிடுவார். வந்து மோந்து, சற்று விலகிப் போய், கூப்பிட்டால் மறுபடி வரும் நாய் இருக்கும். அதைத்தான் நான் எடுக்கச் சொல்வேன்.

அன்றே கூட்டிக்கொண்டு வராதீர்கள். இன்னொரு நாள் பிள்ளைகளையும், முடிந்தால் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஊன்றுகோலைச் சற்றுத் தூரத்தில் தரையில் விழவிடுங்கள். நாய் திடுக்கிடுவது இயல்புதான். திடுக்கிட்ட பிறகு தெளிந்து, என்னவென்று பார்க்கக் கிட்ட வருகிறதா என்று கவனியுங்கள். மாமியாருக்கு அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால் நாயைக் கொண்டுவர வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பகலெல்லாம் அதோடு இருக்கப்போவது அவர்தானே.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டையைத் திகதியோடு கேட்டு வாங்குங்கள். அதன் பிறகு வருடம் ஒருதரம் அந்த ஊசியை அரசாங்கமே நாய்களுக்கு இலவசமாகப் போடுகிறது. எப்போது, எங்கே என்று உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் விசாரியுங்கள். முடி கொட்டி ஓயாமல் சொறியும் நாயென்றால் குணமான பிறகே வீட்டுக்கு எடுங்கள். சில வகைச் சொறி பிள்ளைகளுக்கும் தொற்றும்.

வீட்டில் மகளுக்கு ஒரு கண்டிப்பு வேண்டும்: நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டப் போகக் கூடாது, கழுத்தைக் கட்டிப் பிடிக்கக் கூடாது. எவ்வளவு சாதுவான நாயானாலும் 4 வயதுப் பிள்ளையை அதோடு தனியே விடாதீர்கள். தப்பித்தவறிக் கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம்.

இரவில் வாசலில் கட்டிப் போடாதீர்கள். உங்கள் பக்கத்துத் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாடுகிறது, கட்டிய நாயால் தப்பி ஓடவும் முடியாது. இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், கதவு உண்டென்றால் அதற்குள், இல்லையென்றால் காம்பிராவுக்குள்ளேயே படுக்க வையுங்கள். மார்கழி, தை மாதக் குளிருக்குச் சாக்கு விரித்துக் கொடுங்கள். உரமோ, களைக்கு அடிக்கும் புல்லெண்ணெயோ பட்ட சாக்கு கூடவே கூடாது.

கேள்வி: காப்பகத்திலிருந்து கொண்டுவந்த நாய் நாலு நாளாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. ஆள் தூங்கிய பிறகுதான் சாப்பிடுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். இரவிலாவது சாப்பிடுகிறது என்றால் அது உங்கள் வீட்டுக்குப் பழகத் தொடங்கிவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள், விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். ஒரே நேரத்தில் சோறு, ஒரே நேரத்தில் வெளியே கூட்டிப் போவது, அவ்வளவு போதும். பெரும்பாலான நாய்கள் மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறைக்கு வந்துவிடும். முழுதாக நம்ப மூன்று மாதம்கூட ஆகலாம். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலோ, ஈறு வெளிறியிருந்தாலோ, சிறுநீர் கடும் நிறத்தில் போனாலோ பயம் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே மிருக வைத்தியரிடம் இரத்தம் பரிசோதிக்கக் கொண்டுபோங்கள்.