ராக் இசையை விட்டவர் பத்திரிகைக்கோ வெப் டிசைனுக்கோ போக முடியுமா?

கேள்வி: பல வருடம் பேண்டில் வாசித்தவர், நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கோ வெப் டிசைனுக்கோ மாறினால் எடுபடுமா?

தாராளமாக எடுபடும். ஆஸ்திரேலியாவின் ராபர்ட் ஃபார்ஸ்டரைப் பாருங்கள். 1977-இல் பிரிஸ்பேனில் கிராண்ட் மெக்லென்னனுடன் 'தி கோ-பிட்வீன்ஸ்' பேண்டைத் தொடங்கியவர். 2005-இல், நாற்பத்தேழு வயது தாண்டிய பிறகு, 'தி மந்த்லி' இதழில் இசை விமர்சனம் எழுத வந்தார். அடுத்த வருடமே விமர்சன எழுத்துக்கான பாஸ்கல் பரிசு கிடைத்தது. அதே 2006 மே மாதம் மெக்லென்னன் இறந்துபோனார். நண்பனைப் பற்றி அதே இதழில் ஃபார்ஸ்டர் எழுதினார். ஒரு பாட்டு எப்படி உருவாகிறது என்று உள்ளிருந்து பார்த்தவர் என்பதே அவர் எழுத்தின் பலம் என்று நினைக்கிறேன்.

வெப் டிசைனுக்கு ஜெஃப்ரி செல்ட்மன். இசை, வாஷிங்டனில் நிருபர் வேலை, அப்புறம் விளம்பரத் துறை என்று சுற்றிவிட்டு, 1995-இல் ஒரு பேட்மேன் படத்துக்காக முதல் இணையதளம் செய்தபோது அவருக்கும் நாற்பது வயதுதான். அப்போது நெட்ஸ்கேப் பிரவுசரில் ஒழுங்காகத் தெரியும் பக்கம், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ப்ளோரர் பிரவுசரில் கலைந்து கிடக்கும். ஒரே பக்கத்தை இரண்டு விதமாக எழுத வேண்டியிருந்தது. அதை எதிர்த்து, எல்லா பிரவுசரும் ஒரே பொது விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று கேட்டு 1998-இல் தொடங்கிய வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட் என்ற குழுவை நிறுவியவர்களில் இவரும் ஒருவர்.

சரி, நீங்கள் எங்கே தொடங்குவது? உங்கள் பேண்டுக்கே ஒரு தளம் செய்யுங்கள். ஆல்பம் அட்டை, அடுத்த கச்சேரித் தேதி, நான்கு பத்தி அறிமுகம். எழுத்தும் டிசைனும் சேர்ந்தே பழகிவிடும்.