பதில்: ஆன்லைன்ல சைக்கியாட்ரி, மெடிக்கல் பசங்களுக்கு எம்எஸ்இ வரவே மாட்டேங்குது
டாக்டர், ஜூம்ல மணிக்கணக்கா ஸ்லைடு போடறீங்க, பசங்க பரீட்சைல டெஃபனிஷன் எல்லாம் ஒப்பிக்கறாங்க, ஆனா பேஷண்ட் முன்னாடி மென்டல் ஸ்டேட்டஸ் எக்ஸாமினேஷன் (எம்எஸ்இ, அதாவது தோற்றம், பேச்சு, யோசனைய கவனிச்சு மனநிலைய கணிக்கறது) பண்ண தெரியலன்னு எழுதியிருந்தீங்க. அது பசங்க தப்பு இல்லீங்க.

தியரிய சின்ன சின்ன வீடியோவா முன்னாடியே அனுப்பிடுங்க. லைவ்ல, நடிகர வச்சு எடுத்த இன்டர்வியூ க்ளிப் ஒண்ண மொதல்ல சவுண்டே இல்லாம ஓட விடுங்க, டிரெஸ் எப்படி இருக்கு, கண்ண பாத்து பேசறாரா, அசைவு மெதுவா இருக்கா, இத மட்டும் சாட்ல டைப் பண்ணட்டும். அப்புறம் படத்த மறைச்சுட்டு சவுண்ட் மட்டும், பேச்சு வேகம், பதில் வர எவ்ளோ லேட் ஆகுது, சம்பந்தமில்லாம தாவறாரான்னு. யாராவது 'டிப்ரஸ்டா இருக்கார்'னு மொட்டையா போட்டா விடாதீங்க, என்னத்த பாத்து சொல்றன்னு கேளுங்க, நிஜ கிளாஸே அங்கதான் ஆரம்பிக்கும்.

தற்கொலை எண்ணத்த கேக்கதான் ரொம்ப தயங்குவாங்க, கேட்டா நாமளே ஐடியா குடுத்த மாதிரி ஆயிடுமோன்னு. அப்படி ஆகறதில்லன்னு ஆய்வுகள் இருக்கு, ஆனா சொன்னா மட்டும் பயம் போகாது, மூணு மூணு பேரா பிரேக்அவுட் ரூம்ல போட்டு டாக்டர், பேஷண்ட், நோட் எடுக்கறவர்னு மாத்தி மாத்தி வாய்விட்டு கேக்க வைங்க. பிஹெச்க்யூ-9ல (டிப்ரஷன் இருக்கான்னு பாக்கற கேள்வித்தாள்) 9வது கேள்வி அதுதான், அத பாத்து படிக்காம சொந்த வார்த்தைல கேக்கணும். யாருக்காவது கஷ்டமா இருந்தா காரணம் சொல்லாம வெளிய வந்துடலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க (டாக்டராகப்போற பசங்களுக்கும் மனசு இருக்கே).

நிஜ பேஷண்ட் ரெகார்டிங் மட்டும் அனுப்பாதீங்க, சம்மதம் வாங்கினாலும் யார் ஸ்க்ரீன்ல ரெகார்ட் ஓடுதுன்னு உங்களால பாக்க முடியாது. கேட்டடோனியா (பேஷண்ட் அசையாம, பேசாம உறைஞ்சு போற நிலை) மாதிரி கைய தூக்கி பாத்து, தொட்டு பாத்து கண்டுபிடிக்கறத வார்டுக்கே விட்டுடுங்க.